பால்துரையின் நடை

காஞ்சிரன்விளையில் யாரும் யாரையும் முகத்தை வைத்துக் கண்டுகொள்வதில்லை. ஊருக்கு மேற்கே கண்ணுக்கு எட்டும் வரைக்கும் தேரி, செம்மணல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற காடு, காற்று பலமாக அடித்தால் நேற்றிருந்த மேடு இன்று வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும், மணல் பறக்கிற மாதங்களில் ஆணும் பெண்ணும் துணியால் முகத்தைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே இறங்குவார்கள், ஆகவே தூரத்தில் ஓர் உருவம் தெரிந்தால் அது கால் எடுத்து வைக்கிற விதத்தைப் பார்த்துத்தான் இன்னார் வருகிறார் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்வதற்கு எளிதான நடை பால்துரையுடையது. ஆடு மேய்க்கிறவர், நாற்பது தாண்டியவர், இடது காலை மணலில் கொஞ்சம் இழுத்துவிட்டு, ஏதோ யோசிப்பதுபோல ஒரு கணம் நிறுத்தி, பிறகு வலது காலை எடுப்பார். மழை வந்தாலும் அதே நடைதான், துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனாலும் அதே நடைதான்.

தை மாதத்தில் பர்வீன் அந்த ஊருக்கு வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள், படிப்பு இன்னும் முடியவில்லை என்று அவள் எத்தனை தடவை சொல்லியும் ஊர் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. தீப்பெட்டி அளவில் சின்னச் சின்ன சென்சார்கள் கொண்டுவந்திருந்தாள். ஆட்டின் கழுத்திலும் காலிலும் கட்டலாம், மனிதரின் இடுப்பிலும் கணுக்காலிலும் கட்டலாம், கட்டிவிட்டால் ஒவ்வோர் அசைவும் அவளுடைய கம்ப்யூட்டரில் நெளிநெளியான கோடாக ஓடும். கால் இழந்தவர்களுக்குச் செய்கிற செயற்கைக் கால் சாலையில் நடக்கும், மணலில் புதைந்துபோகும், தேரியில் பழகிய ஆடும் ஆளும் எப்படிப் புதையாமல் நடக்கிறார்கள் என்று தெரிந்தால் நல்ல கால் செய்யலாம் என்று அவள் விளக்கினாள். ஊர் கேட்டுக்கொண்டது. சென்சாருக்குத் தாயத்து என்று பெயர் வைத்தது. பால்துரையும் அவருடைய ஆடுகளும்தான் முதலில் கட்டிக்கொண்டார்கள்.

பங்குனியில் ஒருநாள் காலை பால்துரை பாயிலிருந்து எழுந்தபோது அவருடைய நடை போயிருந்தது.

கால்கள் இருந்தன. மடக்கினால் மடங்கின, நீட்டினால் நீண்டன, எறும்பு கடித்தால் உறைத்தது. ஆனால் எழுந்து நின்றதும் எந்தக் காலை முதலில் எடுப்பது, எடுத்ததை எங்கே வைப்பது, வைத்தபின் உடம்பை எப்படி அதன்மேல் கொண்டுபோவது என்பதெல்லாம் அவற்றுக்கு மறந்துபோயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மனைவி ஜெபக்கனி ஓடிவந்தாள்.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணும் செய்யல ஜெபம். நடக்கத் தெரியல."

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், முழங்காலில் தட்டிப் பார்த்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாடகை வேனில் அவர் திரும்பி வந்த அன்று, அவருடைய ஆட்டுக் கிடைக்குப் பக்கத்தில் பர்வீன் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள். செவலைக் கிடாயின் காலில் கட்டியிருந்த தாயத்திலிருந்து வந்த கோடு ஆட்டின் கோடாக இல்லை. இடது பக்கம் ஒரு இழுப்பு, பிறகு ஒரு நிறுத்தம், பிறகு ஒரு எட்டு. தாயத்துகள் மாறிவிட்டனவோ என்று அவிழ்த்துப் பார்த்தாள், மாற்றிக் கட்டிப் பார்த்தாள், கோடு மாறவில்லை. அதற்குள் டீக்கடை பொன்னையா சாலையில் வந்த கிடாயைப் பார்த்துவிட்டார்.

"இதுக்கு எதுக்கு டாக்டரம்மா மெஷினு? பால்துரைல்லா நடந்து வாரான்" என்றார்.

அப்படித்தான் இருந்தது. நாலு காலில் பால்துரையின் நடை வந்துகொண்டிருந்தது. குளத்துக் கரையில் பால்துரை வேட்டியை மடித்துக் கட்ட நிற்கிற இடத்தில் கிடாய் நின்றது, பிறகு தலையை ஆட்டிவிட்டுத் தேரிக்குள் போனது, ஆடுகள் பின்னால் போயின. ஊர் இதைப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை. செய்யவேண்டியதைச் செய்தது. பெண்கள் வழியில் ஒதுங்கி நின்றார்கள், பிள்ளைகள் "மாமா எங்க போறிய" என்று கேட்டார்கள், ஜெபக்கனி சாயங்காலம் கிடாய் திரும்பி வந்ததும் முதலில் அதற்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் உள்ளே போய்ப் புருஷனுக்குச் சோறு போட்டாள். எந்த ஆட்டுக்குள் யாருடைய நடை இருக்குமோ என்று பயந்து அந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் ஞானஸ்நான விருந்துக்கும் கத்தரிக்காயே போதும் என்று முடிவாயிற்று.

சில நாட்களில் நடை கிடாயை விட்டுப் போனது. பள்ளிக்கூட வாத்தியார் குளத்துக்கரை ஒற்றையடிப் பாதையில் கிடாயோடு ஒட்டினாற்போல் நடந்து வந்தவர் பள்ளிக்கூடத்துக்குள் திரும்பாமல் இடது காலை இழுத்துக்கொண்டு நேரே தேரிக்குப் போய்விட்டார், வெயில் தாழ்ந்தபின் ஆடுகளோடு திரும்பி வந்து, "நல்ல மேய்ச்சல்" என்றார். அவரிடமிருந்து தபால்காரப் பெண்ணுக்குப் போனது. இரண்டு பேர் கொஞ்ச தூரம் காலுக்குக் கால் ஒத்து நடந்தால் அது ஒருவரைவிட்டு மற்றவருக்குத் தாவுகிறது என்பதைப் பர்வீன் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கண்டுபிடித்தாள். யாருக்கும் அதனால் கெடுதி இல்லை. அவரவர் நடை அடியில் பத்திரமாக இருக்கும், பால்துரையின் நடை போனதும் மேலே வந்துவிடும். யாரிடம் நடை இருக்கிறதோ அவர் அன்று ஆடுகளைப் பத்தி மேய்க்கப் போக வேண்டும் என்று ஊர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது.

அப்படியென்றால் பால்துரையிடமே அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று ஜெபக்கனி கேட்டாள். அவளுடைய தம்பி தாவீது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், அவன் வந்து ஒரு பக்கம் தாங்க, இன்னொருவர் மறுபக்கம் தாங்க, நடையைச் சுமந்திருந்த தபால்காரப் பெண் கூடவே நடக்க, பால்துரையின் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். தாவவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார், முயன்றதால் கால்கள் மரக்கட்டை மாதிரி விறைத்தன, விறைத்த கால் எந்தக் காலோடும் ஒத்துப்போகாது. வேர்த்து விறுவிறுத்து அவரைத் திரும்பப் பாயில் படுக்க வைத்தார்கள். ஜெபக்கனி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

நடை பிறகு சுயம்புக்கனியிடம் வந்தது.

சுயம்புக்கனி இரண்டு வீடு தள்ளியிருப்பவள். புருஷன் மும்பையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தான். ஒரே மகள் அபிஷா, ஐந்தாம் வகுப்பு, பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. கால் இரண்டும் முருங்கைக்காய் மாதிரி மெலிந்து தொங்கும், வீட்டுக்குள் கையை ஊன்றி நகர்வாள், வெளியே என்றால் அம்மாவின் இடுப்புதான். அன்று காலையிலும் சுயம்புக்கனி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள், இடது காலை இழுத்து, நிறுத்தி, வலது காலை எடுத்து, பால்துரையின் நடையிலேயே போனாள், அவள் இடுப்பில் தொங்கிய அபிஷாவின் கால்கள் எந்த முயற்சியும் இல்லாமல், தூளி ஆடுவதுபோல, அம்மாவின் காலோடு சேர்ந்து ஆடின. பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் அபிஷா, "எம்மா, என்னய இறக்கி விடு" என்றாள். கீழே விட்டதும் அவள் பாதம் மணலில் ஊன்றியது. பிறகு இடது காலை இழுத்து, யோசித்து, வலது காலை எடுத்து வைத்தாள்.

ஊரே கூடிவிட்டது. தபால்காரப் பெண் அழுதாள், வாத்தியார் பள்ளிக்கூட மணியை அடித்துக்கொண்டே நின்றார், ஜெபக்கனியும் ஓடிவந்து அபிஷாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நிமிர்ந்தவள் முகம் மெல்ல மாறியது. தொங்கவிட்ட கால்களுக்கு நடை தாவும் என்றால், தாவீதின் முதுகில் தொங்கவிட்ட பால்துரையின் கால்களுக்கும் தாவும். அவள் சுயம்புக்கனியைப் பார்த்தாள். சுயம்புக்கனிக்கும் அது அதே நேரத்தில் புரிந்திருந்தது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளப் போனவள், தன் காலோடு ஒத்து நடை தன்னிடமே திரும்பிவிடுமோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

அபிஷாவுக்கு அடியில் வேறு நடை இல்லை. மற்றவர்களிடமிருந்து அது போனால் அவர்கள் நடை மேலே வரும். இவளிடமிருந்து போனால் இவள் தரைக்குப் போவாள். இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து காஞ்சிரன்விளையில் யாரும் நிம்மதியாக நடக்கவில்லை. அபிஷா தெருவில் வந்தால் பக்கத்தில் வருகிறவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள், ஒரு எட்டு நீளமாக, ஒரு எட்டு குட்டையாக, நடுவில் ஒரு தத்தல், தவறிப்போய் ஒத்து நடந்துவிடக்கூடாது என்று கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள்கூட நொண்டியடித்துக்கொண்டு போனார்கள். பொன்னையா டீக்கடையிலிருந்து "காலைப் பாத்து, காலைப் பாத்து" என்று கத்திக்கொண்டே இருந்தார். மேளம் அடித்தால் எல்லாக் காலும் ஒன்றாக விழும் என்பதால் கொடைக்கு வந்த மேளக்காரர்களிடம் தாளம் இல்லாமல் அடிக்க முடியுமா என்று கேட்டார்கள், அவர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். அபிஷா தனியாக நடந்தாள். நடக்கக் கற்றுக்கொண்டாளே தவிர நிற்கத் தெரியவில்லை, சுவரோ தூணோ வந்தால் கையால் பிடித்துத்தான் நின்றாள், நின்று திரும்பி எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்தது. அவனவன் நடை அவனவனுக்கு என்றது ஒரு பக்கம். பச்சைப் பிள்ளையின் காலைப் பிடுங்குவதா என்றது இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் பர்வீனிடம் வந்தன.

ஜெபக்கனி வந்தாள். "டாக்டரம்மா, இது எங்க வீட்டுக்காரவிய நடைன்னு உங்க மெஷினு சொல்லுதுல்லா? அதை நாலு பேரு முன்னால சொல்லுங்க."

அவள் போனதும் சுயம்புக்கனி வந்தாள். "டாக்டரம்மா, இப்ப அது எம்பிள்ள நடைதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க காலுல வேணும்னாலும் விழுதேன்."

பர்வீன் அன்று சாப்பிடவில்லை. அபிஷாவின் கணுக்காலில் கட்டிய தாயத்தின் கோடுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மறுநாள் இரண்டு பெண்களையும் ஒன்றாகக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் சொல்றது பாதி சரி" என்றாள். "முதல் நாள் வந்தது அப்படியே அண்ணாச்சி நடை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறுது. அந்த இழுப்பு குறையுது. இவ காலுக்கு ஏத்தமாதிரி வேற எதுவோ வருது."

"இன்னும் நாளானா?" என்று ஜெபக்கனி கேட்டாள்.

"முழுசா மாறலாம். மாறாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியலக்கா."

சுயம்புக்கனி வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டாள், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஜெபக்கனி தம்பிக்குப் போன் போட்டு, உடனே புறப்பட்டு வா என்றாள். அக்காளும் தம்பியும் போட்ட திட்டம் எளிதானது. கதவு எப்போதாவது திறக்கும், பிள்ளை எப்போதாவது வெளியே வரும், தாவீது முதுகில் பால்துரையோடு காத்திருப்பான், பிள்ளையின் காலோடு ஒத்துக் கொஞ்ச தூரம் போனால் முடிந்தது.

பால்துரை இதைப் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தாவீது வந்து சேர்ந்ததும் அவனைக் கூப்பிட்டார்.

"மாப்பிள, என்னயத் தூக்கிட்டுப் போயி சுயம்பு வீட்டு வாசல்ல உக்கார வை."

"அத்தான், கதவு பூட்டியிருக்கு."

"இருக்கட்டும்."

தாவீது தூக்கிக்கொண்டு போனான். பின்னாலேயே தெரு முழுக்க வந்தது, ஒருவர் காலோடு ஒருவர் கால் ஒட்டாமல் தத்தித் தத்தி வந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்துகொண்டு பால்துரை குரல் கொடுத்தார்.

"மக்ளே அபிஷா. நான் பால்துரை மாமா. கதவைத் திறக்க வேண்டாம். அங்கன இருந்தே கேளு. எனக்கு என் நடை வேணும். வேண்டாம்னு சொன்னா அது பொய்யி. காலையில எந்திரிச்சதும் தேரிக்குப் போகணும்னு உள்ளுக்குள்ள அரிக்கி. ஆனா ஒளிஞ்சு நின்னு எடுக்க மாட்டேன். நீ தருவியா, மாட்டியா, நீயே சொல்லு."

உள்ளே சுயம்புக்கனி மகளின் வாயைப் பொத்தினாள் என்று பிறகு சொன்னார்கள். அபிஷா அந்தக் கையை விலக்கினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள், அழுகையில் மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை.

"தர மாட்டேன் மாமா" என்றாள்.

பால்துரை தலையைக் குனிந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"சரி" என்றார். "கேட்டதுக்குப் பதில் சொல்லிட்ட. சரி."

தாவீது அவரைத் தூக்கினான். ஜெபக்கனி அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஜன்னலைப் பார்த்து, "ஏட்டி சுயம்பு, பிள்ளைய நல்லா வளத்திருக்கட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று அவள் போட்ட சோறு பால்துரைக்கு இறங்கவில்லை, அவள் பரிமாறிய விதம் அப்படி இருந்தது.

ஆடுகள் கட்டிப்போட்ட இடத்தில் கிடந்தன. ஜெபக்கனி உடைமரக் கொப்பு வெட்டிவந்து போட்டாள், கிணற்றில் இறைத்துத் தண்ணீர் வைத்தாள், அவற்றுக்கு வயிறு ஒட்டிக்கொண்டே போனது. தேரிக்குப் போக அவளுக்கு வழி தெரியாது, பால்துரைக்கும் அவருடைய நடைக்கும்தான் எந்த மேட்டுக்குப் பின்னால் எந்தப் பள்ளம் என்று தெரியும். ஆனி மாதக் காற்று தொடங்கியது. ஜன்னலில் நின்று அபிஷா அந்த ஆடுகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் சுயம்புக்கனி அசந்து தூங்கிய நேரத்தில் அபிஷா தாழை நீக்கி வெளியே வந்தாள், ஆட்டுக் கிடைக்குப் போனாள், கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள். நடை தர மாட்டேன் என்று சொன்னவளுக்கு அதற்குப் பதிலாகத் தரக்கூடியது அது ஒன்றுதான் என்று தோன்றியிருக்க வேண்டும். ஆடுகளைப் பத்திக்கொண்டு குளத்துக்கரை வழியாகத் தேரிக்குள் போனாள். பார்த்த பொன்னையா, வழக்கப்படி நடை இருக்கிறவர் ஆடு பத்துகிறார் என்று நினைத்து ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது காற்று திரும்பியது. மேற்கே வானம் செம்மண் நிறமாயிற்று, வீட்டுக்குள் பானைத் தண்ணீரில்கூட மணல் படிந்தது, மேடுகள் புகைந்துகொண்டே இடம் பெயர்ந்தன. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அபிஷா வரவில்லை.

சுயம்புக்கனி தலைவிரிகோலமாகப் பர்வீனிடம் ஓடினாள். கம்ப்யூட்டரில் கோடு ஓடிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டு ஓடினாலும் ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்கா. நடந்துகிட்டே இருக்கா" என்றாள் பர்வீன். "ஒரு இடத்துலகூட நிக்கல."

"எங்க டாக்டரம்மா? எங்கன நடக்கா?"

"இது எப்படி நடக்குறான்னு சொல்லும். எங்கன்னு சொல்லாது."

சுயம்புக்கனிக்கு ஏன் நிற்கவில்லை என்று தெரியும். தேரியில் பிடித்து நிற்கச் சுவர் இல்லை, தூண் இல்லை. மேடேறி மேடிறங்கி, முருங்கைக்காய்க் கால்கள் ஒடிகிற வரைக்கும் நடை அவளைக் கொண்டுபோகும். அவள் திரும்பி, தான் தாழ்போட்டுப் பூட்டிய வாசலைக் கடந்து, ஜெபக்கனி வீட்டு முற்றத்தில் போய் விழுந்தாள்.

"மதினி, அண்ணனைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. அண்ணனுக்குத்தான் தேரி தெரியும். பிள்ளைய மட்டும் கண்டு குடுங்க. நடைய நீங்களே எடுத்துக்கிடுங்க."

ஜெபக்கனி அவளையே பார்த்தாள். உள்ளேயிருந்து பால்துரை, "மாப்பிள, தூக்கு" என்றார்.

நாலு பேரும் போனார்கள். முன்னால் தாவீது, அவன் முதுகில் பால்துரை, பின்னால் இரண்டு பெண்கள். முகத்தில் சுற்றிய துணி வழியாகவும் மணல் பல்லில் நறநறத்தது. நேற்றிருந்த எந்த மேடும் அங்கே இல்லை. பால்துரை தாவீதின் தோளுக்கு மேலே தலையைத் தூக்கி, காற்று வருகிற திசையை நெற்றியில் வாங்கி, "இடது கை, இன்னும் இடது, இப்ப ஏறு" என்று சொல்லிக்கொண்டே போனார். கூப்பிட்டால் குரலைக் காற்று தின்றது. சுயம்புக்கனி விழுந்து விழுந்து எழுந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தபோது ஒரு நீளமான மேட்டின் முதுகில் சின்ன உருவம் ஒன்று தெரிந்தது, அழுதுகொண்டே போய்க்கொண்டிருந்தது.

"நிக்க மாட்டேங்கு! எம்மா, நிக்க மாட்டேங்கு!"

சுயம்புக்கனி சரிவில் ஏற ஏற மணல் கீழே இழுத்தது. தாவீதுக்குப் பாரம். ஜெபக்கனிதான் முதலில் மேலே போனாள். மேட்டின் முதுகு கத்தி முனை மாதிரி ஒடுக்கம், தவறாக வைத்தால் இரண்டு பக்கமும் சரிவு, ஆகவே அபிஷாவின் கால் பதிந்த குழிகளிலேயே காலை வைத்து, அவள் வைக்கும்போது வைத்து, எடுக்கும்போது எடுத்து, கையை நீட்டிக்கொண்டே பின்னால் போனாள். விரல் பிள்ளையின் சட்டையைத் தொடுவதற்கு முன்னால் அபிஷா துணி மாதிரி மடிந்து விழுந்தாள். ஜெபக்கனி அவளைத் தாண்டி நாலெட்டு போய்விட்டுத்தான் நின்றாள். நின்றவள் திரும்பவில்லை. தன் கால்களைக் குனிந்து பார்த்தாள்.

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. சுயம்புக்கனி தவழ்ந்து வந்து மகளை அள்ளிக்கொண்டாள். அபிஷாவின் பாதம் இரண்டும் உரிந்து இரத்தம் கசிந்தது. அவள் கண்ணைத் திறந்து, கால் விரலை அசைக்கப் பார்த்து, "போச்சாம்மா?" என்று கேட்டாள். சுயம்புக்கனி மகள் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நடையை எடுத்துக்கொள்ளச் சொல்லி வாக்குக் கொடுத்தவள் அவள்தானே.

"இருட்டுறதுக்குள்ள போவோம்" என்றார் பால்துரை.

மேட்டிலிருந்து இறங்கி ஊரைப் பார்த்து நடந்தார்கள். நடுவில் ஜெபக்கனி. அவளுக்கு வலப்பக்கம் தாவீது, அவன் முதுகில் பால்துரையின் கால்கள் தொங்கின. இடப்பக்கம் சுயம்புக்கனி, அவள் இடுப்பில் அபிஷாவின் கால்கள் தொங்கின. ஒவ்வொருவரும் மற்றவர்களுடைய காலடியைக் கேட்டுக்கொண்டு போனார்கள். தாவீது அக்காளின் காலைப் பார்த்துத் தன் காலை மாற்றி வைத்தான், அவள் ஒரு எட்டைத் தள்ளிப்போட்டாள். அவன் மறுபடி ஒத்துவந்தான். அவள் மறுபடி தள்ளிப்போட்டாள்.

"அக்கா, ஒத்து நட. ஊரு வந்திரும்" என்றான் அவன் பல்லுக்குள்.

ஜெபக்கனி காதில் வாங்கவில்லை. பதினெட்டு வருஷம் அவள் அந்த நடையோடு குடும்பம் நடத்தியவள், அடுப்படியில் நின்றுகொண்டே அது எந்த முக்குத் திரும்புகிறது என்று சொல்லக்கூடியவள், இப்போது அது தன் இடுப்புக்கும் முழங்காலுக்கும் உள்ளே வந்திருந்தது, அதை அவள் ஒவ்வோர் எட்டிலும் தேடினாள். இடது காலில் இழுப்பு வரவில்லை. யோசிக்கிற அந்த நிறுத்தம் வரவில்லை. பாதம் மணலைத் தொட்டதுமே அடுத்த எட்டுக்கு அவசரப்பட்டது, குதிகால் தரையில் இருக்க மறுத்தது, கல்லைக் கண்டால் சுற்றிப்போகாமல் தாண்டச் சொன்னது. டாக்டரம்மா சொன்னபோது அவள் நம்பியிருக்கவில்லை.

"ஏங்க" என்றாள், புருஷனைப் பார்க்காமல்.

"சொல்லு."

"இது நீங்க இல்ல."

பால்துரை தாவீதின் தோளுக்கு மேலே அவள் கால்களை எட்டிப் பார்த்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"துள்ளுது" என்றாள் ஜெபக்கனி. "சவம், ஒரே துள்ளலா துள்ளுது. உங்களுக்கு இதை வச்சு என்ன செய்ய?"

அவர் தாவீதின் தோளில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார். "பிறவு என்ன" என்றார். "பிறவு என்ன ஜெபம்."

ஜெபக்கனி இடப்பக்கம் திரும்பினாள். சுயம்புக்கனியின் கால்களைப் பார்த்தாள், அவை தளர்ந்து தாறுமாறாக விழுந்துகொண்டிருந்தன. "ஏட்டி, காலை ஒழுங்கா வை" என்று அதட்டினாள். "என் காலைப் பாத்து வை. வலது. இடது. அவ காலை இறுக்கிப் பிடிக்காத, தொங்க விடு."

சுயம்புக்கனி விம்மிக்கொண்டே வைத்தாள். வலது, இடது, வலது, இடது. குளத்துக்கரை தெரிகிற இடம் வரைக்கும் இரண்டு பெண்களும் ஒரே ஆள் நடப்பதுபோல நடந்தார்கள், அபிஷாவின் இரத்தம் காய்ந்த பாதங்கள் இருவருக்கும் நடுவில் ஆடின. பிறகு ஜெபக்கனிக்குக் கால்கள் திடீரென்று கனத்தன, தன்னுடைய பழைய நடை மேலே வந்து சேர்ந்தது. அபிஷா இறங்கினாள். கரைமேல் பர்வீனும் பொன்னையாவும் வாத்தியாரும் டார்ச் லைட்டோடு நின்றிருந்தார்கள். பிடித்து நிற்க அங்கே ஒன்றும் இல்லாததால் அபிஷா அவர்களை நோக்கி ஓடினாள், ஓடிப்போய் பர்வீனின் வயிற்றில் மோதி நின்றாள்.

பால்துரை, "மாப்பிள, என்னய இங்கனயே இறக்கு. நீ போயி ஆட்டைக் கட்டு" என்றார்.

தாவீது அக்காளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அவரைக் கரையடி மணலில் இறக்கிவிட்டு அவன் போனான், சுயம்புக்கனியும் போனாள், டார்ச் வெளிச்சம் தெருப்பக்கம் நகர்ந்துபோயிற்று. காற்று குறைந்திருந்தது. ஜெபக்கனி புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பிறகு அதே துணியால் அவர் முகத்தையும் துடைத்தாள்.

"இனி நாமளா ஒண்ணு செஞ்சுக்கிடணும் போல" என்றார் பால்துரை.

"எதை?"

"நடைய."

அவள் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டு எழுந்தார், வலது காலை எடுத்து வைத்தார், அது எங்கேயோ போனது, விழுந்தார். மறுபடி எழுந்தார், இந்தத் தடவை அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். மூன்றாவது தடவை இரண்டு காலையும் ஒரே நேரத்தில் எடுக்கப் பார்த்தார். அவர்மேல் விழுந்துகிடந்த ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, அவள் சிரித்தாள்.